கடிதத்தில் பெயர் இருக்கிறது; அனுப்பியவர் அவர்தானா?

கடலூர் மாவட்டம், கம்மாபுரம். விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஊர்.

விருத்தாசலம் என்றதும் சிலருக்குக் கோவில் நினைவுக்கு வரும். வேறு சிலருக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். அகல் விளக்கு, கொலுப் பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை என்று பல சாமான்கள் இந்த வட்டாரத்துச் சூளைகளில் வெந்து வெளியூர் போகின்றன. பீங்கான் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் அரசாங்கக் கல்வி நிலையமும் விருத்தாசலத்தில் உண்டு.

இந்தப் பக்கத்தில் ஒரு குடும்பம் சிறு பட்டறை நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா களிமண்ணைக் குழைக்கிறார். அம்மா அச்சில் வார்த்த விளக்குகளைக் காய வைக்கிறார். மருமகள் வர்ணம் தீட்டுகிறார். காலேஜில் படித்த மகன் கணக்கு எழுதுகிறான். வெளியூர் வியாபாரிகளுக்கு இ-மெயிலில் பில் அனுப்புவதும் அவன்தான்.

கார்த்திகை தீபம் வருகிறது. மதுரை வியாபாரி ஒருவருக்கு 3 லட்ச ரூபாய் சரக்கு போய்விட்டது. பணம் மட்டும் வரவில்லை. அப்பா டெலிபோன் செய்கிறார்.

"முதலாளி, பணம் இன்னும் வரவில்லையே?"

"என்ன அண்ணே இப்படிச் சொல்கிறீர்கள்? முந்தாநாளே அனுப்பிவிட்டேனே! 'பழைய பாங்கிக் கணக்கை மூடிவிட்டோம், புதுக் கணக்கில் போடுங்கள்' என்று நீங்கள்தானே இ-மெயில் போட்டீர்கள்?"

"நாங்களா? நாங்கள் எதுவும் எழுதவில்லையே!"

அவ்வளவுதான். பணம் போய்விட்டது.

வியாபாரி பொய் சொல்லவில்லை. பட்டறைக்காரரும் பொய் சொல்லவில்லை. இடையில் ஒரு மோசக்காரன் புகுந்துவிட்டான். பட்டறையின் பெயரிலேயே கடிதம் எழுதிவிட்டான்.

இனி என்ன நடக்கும்? "நான் கொடுத்துவிட்டேன்" என்பார் ஒருவர். "எனக்கு வரவில்லை" என்பார் மற்றவர். பல வருட நட்பு ஒரே நாளில் உடையும். சூளைக்கு விறகு வாங்கிய கடன், மண் வாங்கிய கடன், கூலி பாக்கி எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும்.

இது நாம் கற்பனையாகச் சொன்ன கதை. ஆனால், இப்படி நடக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பெரியவர்களும் ஏமாந்தார்கள்

உலகத்திலேயே கம்ப்யூட்டர் சூட்சுமம் நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? கூகுள் கம்பெனியும் பேஸ்புக் கம்பெனியும் என்று சிறு பிள்ளைகூடச் சொல்லும். அவர்களே ஏமாந்தார்கள்!

2013-ம் ஆண்டுக்கும் 2015-ம் ஆண்டுக்கும் இடையில் நடந்தது இது. இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் தைவான் நாட்டுக் குவாண்டா கம்பெனி சாமான்கள் கொடுத்து வந்தது. லிதுவேனியா நாட்டுக்காரர் ஒருவர் அதே பெயரில் வேறொரு நாட்டில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். தைவான் கம்பெனி ஊழியர்கள் அனுப்பியது போலவே இ-மெயில்கள் போயின. பொய்ப் பில்களும் போயின. பணம் அவர் கணக்குக்கு வந்தது.

எவ்வளவு தெரியுமா? 12 கோடி டாலருக்கு மேல்!

அவர் பிடிபட்டார். 2019-ம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் கோர்ட்டு அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது.

சம்பளத்துக்கு வக்கீலும் கணக்கரும் வைத்திருக்கும் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், கம்மாபுரத்துக் குடும்பம் என்ன செய்யும்?

எப்படி முடிகிறது?

"என் பெயரில் இன்னொருவன் எப்படிக் கடிதம் எழுத முடியும்?" என்று கேட்பீர்கள்.

தபாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கவரை வாங்கி, 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம். தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். பெயர் உண்மையா என்று அவர் விசாரிப்பது இல்லை. அது அவர் வேலையும் அல்ல.

இ-மெயிலும் அப்படித்தான் பிறந்தது. 1971-ம் ஆண்டில் அமெரிக்கரான ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். முகவரியின் நடுவில் சுழித்த 'அ' போன்ற குறியை வைத்தவரும் அவரே. 1982-ம் ஆண்டில் இ-மெயில் போக்குவரத்துக்கு விதிகள் எழுதப்பட்டன. அப்போது அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்களும் பேராசிரியர்களும்தான். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஆகவே, 'அனுப்பியவர் இவர்தானா?' என்று சோதிக்கும் ஏற்பாடு அந்த விதிகளில் இல்லை.

நாலு வீடு உள்ள தெருவில் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். அந்தத் தெரு ஊராக வளர்ந்து, ஊர் உலகமாக வளர்ந்த பிறகும் தாழ்ப்பாள் போடாமல் இருந்தால்? திருடன் நுழையத்தான் செய்வான்.

தாழ்ப்பாள் பிறகு வந்தது. ஒன்று அல்ல, மூன்று வந்தன. அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் தாழ்ப்பாள்: வண்டிப் பட்டியல்

ஒரு பட்டறைக்காரர் ஊர் எல்லையில் ஒரு பலகை வைக்கிறார். "எங்கள் சரக்கு இந்த நம்பர் உள்ள இரண்டு லாரிகளில்தான் வரும். வேறு வண்டியில் எங்கள் பெயர் சொல்லிச் சரக்கு வந்தால் அது எங்களுடையது அல்ல" என்று அதில் எழுதியிருக்கிறது. சோதனைச் சாவடிக்காரர் அந்தப் பலகையைப் பார்க்கிறார். நம்பர் பொருந்தினால் விடுகிறார்.

இ-மெயிலில் இதற்கு 'எஸ்.பி.எஃப்.' என்று பெயர். இணையத்தில் ஒவ்வொரு கம்பெனிப் பெயருக்கும் ஒரு பொதுப் பதிவேடு உண்டு. யாரும் பார்க்கலாம், சொந்தக்காரர் மட்டுமே எழுதலாம். "எங்கள் பெயரில் இ-மெயில் அனுப்ப இந்தக் கம்ப்யூட்டர்களுக்குத்தான் அனுமதி" என்று சொந்தக்காரர் அதில் எழுதி வைக்கிறார். கடிதத்தை வாங்கும் கம்ப்யூட்டர், ஒரு கண்ணிமைப்பில் அந்த ஏட்டைப் பார்த்துவிடுகிறது.

இரண்டாவது தாழ்ப்பாள்: சுட்ட முத்திரை

பானையின் அடியில் பட்டறையின் முத்திரையைப் பதிப்பது உண்டு. மண் ஈரமாக இருக்கும்போது பதிக்க வேண்டும். சூளையில் சுட்ட பிறகு அந்த முத்திரையை அழிக்க முடியாது. அழிக்கப் பார்த்தால் கீறல் காட்டிக்கொடுத்துவிடும்.

'டி.கே.ஐ.எம்.' என்பது இப்படிப்பட்ட முத்திரை. இ-மெயில் புறப்படும்போதே அதன் வாசகத்தோடு சேர்த்து ஒரு கணக்கு முத்திரை பதிக்கப்படுகிறது. முத்திரை போடும் சாவி சொந்தக்காரரிடம் மட்டும் இருக்கும். முத்திரை சரிதானா என்று பார்க்கும் சாவியோ, பொதுப் பதிவேட்டில் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். வழியில் யாராவது பாங்கிக் கணக்கு நம்பரில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது.

வண்டிப் பட்டியல் இருக்கும்போது முத்திரை எதற்கு? நமக்கு வந்த கடிதத்தை நாமே வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது உண்டு. அப்போது அது வேறு வண்டி ஏறிப் போகிறது. பட்டியல் பொருந்தாது. ஆனால், முத்திரை கடிதத்தோடேயே போகும். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

மூன்றாவது தாழ்ப்பாள்: சாவடிக்காரருக்கு உத்தரவு

பட்டியலும் முத்திரையும் இருந்தாலும் ஒரு சந்து இருக்கிறது.

ஒவ்வொரு இ-மெயிலுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, மேல் உறையில் இருக்கும் பெயர். அதைக் கம்ப்யூட்டர்கள் பார்க்கும். மற்றொன்று, உள்ளே கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயர். அதைத்தான் நாம் பார்க்கிறோம். மோசக்காரன் மேல் உறையில் தன் சொந்தப் பெயரை எழுதிவிட்டு, உள்ளே பட்டறையின் பெயரை எழுதுவான். மேல் உறைச் சோதனையில் அவன் தேறிவிடுவான்!

இந்தச் சந்தை அடைப்பதுதான் 'டிமார்க்'. "நீங்கள் சோதித்துத் தேறிய பெயரும், படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை உள்ளே விடாதே" என்று சொந்தக்காரர் உத்தரவு எழுதி வைக்கிறார். அது மட்டும் அல்ல. "என் பெயரில் யார் யார் கடிதம் அனுப்பப் பார்த்தார்கள் என்று எனக்கு அறிக்கை கொடு" என்றும் கேட்கலாம்.

உத்தரவு மூன்று விதம். 'பார்த்துக்கொண்டு மட்டும் இரு' என்பது முதல் விதம். 'சந்தேகப் பெட்டியில் போடு' என்பது இரண்டாவது விதம். 'வாசலிலேயே திருப்பு' என்பது மூன்றாவது விதம்.

முதல் நாளே மூன்றாவதற்குப் போய்விடக் கூடாது. பில் அனுப்பும் கம்ப்யூட்டர் ஒன்று பட்டியலில் விட்டுப் போயிருந்தால் நம் சொந்தக் கடிதமே திரும்பிவிடும். முதலில் சில வாரம் பார்க்க வேண்டும். அறிக்கையைப் படிக்க வேண்டும். விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும். பிறகு கதவை இறுக்க வேண்டும். ஆனால், பலர் 'பார்த்துக்கொண்டு மட்டும் இரு' என்று எழுதியதோடு நின்றுவிடுகிறார்கள். அது காவல்காரனை வைத்துவிட்டு, "திருடனைப் பார், பிடிக்காதே" என்று சொல்வது போல!

பலன் உண்டா?

உண்டு.

டிமார்க் முறை 2012-ம் ஆண்டு வெளியானது. பல வருட காலம், விரும்பியவர் செய்தார், மற்றவர் விட்டார். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் கண்டிப்புக் காட்டின. "மொத்தமாகக் கடிதங்கள் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் செய்தாக வேண்டும்" என்று விதி போட்டன. அடையாளம் நிரூபிக்கப்படாத கடிதங்கள் அந்த ஆண்டில் 65 சதவீதம் குறைந்துவிட்டதாகக் கூகுள் அறிவித்தது.

நம் நாட்டிலும் காரியம் நடந்திருக்கிறது. பாங்கிகளுக்கென்று தனி முகவரி வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. பாங்கியின் இணைய முகவரி புள்ளி, 'பாங்க்', புள்ளி, 'இன்' என்று முடிய வேண்டும். 2025 அக்டோபர் 31-ந் தேதிக்குள் மாற வேண்டும் என்று கெடுவும் வைத்தது. இந்த முகவரியைக் காசு கொடுத்து யாரும் வாங்க முடியாது. ஐதராபாத்தில் உள்ள பாங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், பாங்கிகளுக்கு மட்டுமே இதைக் கொடுக்கிறது.

டெலிபோனில் வரும் குறுஞ்செய்திக்கும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. கம்பெனிகள் தங்கள் பெயரையும் அனுப்பும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2018-ம் ஆண்டில் விதி செய்தது. 2025-ம் ஆண்டு முதல் அனுப்புகிறவரின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்தும் வருகிறது. 'பி' என்றால் விளம்பரம். 'ஜி' என்றால் அரசாங்கச் செய்தி. "இன்று இரவு உங்கள் வீட்டுக் கரண்டு கட்" என்று பத்து எண் உள்ள சாதாரண நம்பரிலிருந்து செய்தி வந்தால், அதை நம்ப வேண்டாம்.

குற்றம் யாருடையது?

இப்போது ஒரு நியாயத்தைக் கேட்போம்.

யாராவது ஏமாந்துவிட்டால் உலகம் என்ன சொல்கிறது? "நீ ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டாமா?" என்று சொல்கிறது. பணத்தையும் இழந்து, பேச்சும் கேட்க வேண்டியிருக்கிறது. அவமானத்துக்குப் பயந்து புகார் கொடுக்காதவர்களும் உண்டு.

எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்ட ஒரு பாட்டி இருக்கிறாள். அவள் பேரன் டெலிபோன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். பாங்கியின் பெயரில் கடிதம் வருகிறது. பெயரைப் பார்க்கிறாள். நம்புகிறாள். படிக்கக் கற்றதற்குப் பயனே அதுதானே! எழுதியிருப்பதை நம்பக் கூடாது என்றால் எதற்காகப் படிக்க வேண்டும்?

அந்தப் பாட்டியிடம் போய், "முகவரியின் கடைசி எழுத்தைப் பார், நடு எழுத்தைப் பார்" என்று சொல்வது மட்டும் போதாது. அவள் கைக்கு வரும் முன்பே அந்தப் பொய்க் கடிதத்தைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கக்கூடியவர் யார்? பெயருக்குச் சொந்தக்காரர்!

தன் கடைப் பெயரை வைத்து இன்னொருவன் ஏமாற்றினால் கடைக்காரர் சும்மா இருப்பாரா? இருக்க மாட்டார். பலகை வைப்பார், தண்டோராப் போடுவார், போலீசுக்குப் போவார். இணையத்தில் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

சொந்த இணையப் பெயர் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது கடமை. பட்டறை, ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், காலேஜ், ஆஸ்பத்திரி, கூட்டுறவுச் சங்கம் யாராக இருந்தாலும் சரி. அந்தப் பெயரில் இ-மெயில் அனுப்புவதே இல்லை என்றாலும் பூட்ட வேண்டும். "எங்கள் பெயரில் எந்தக் கடிதமும் வராது, வந்தால் திருப்பிவிடு" என்று எழுதி வைக்கலாம். பூட்டிய வீட்டுக்கும் தாழ்ப்பாள் வேண்டும் அல்லவா?

இதற்குப் பெரிய செலவு இல்லை. பதிவேட்டில் சில வரிகள் எழுதுவதுதான் வேலை. அந்த வரிகளுக்கென்று யாரும் லைசென்ஸ் கட்டணம் வாங்குவது இல்லை. இணையப் பெயரை வாங்கிக் கொடுத்தவரிடமோ, இ-மெயில் ஏற்பாடு செய்து கொடுத்தவரிடமோ, "எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் எங்களுக்கு உண்டா? டிமார்க் உத்தரவு எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வி போதும்.

சிறு பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் தனித் தனியே அலைய வேண்டியதும் இல்லை. தொழிற்பேட்டைச் சங்கங்கள் ஒரு நாள் முகாம் போடலாம். கம்ப்யூட்டர் படிக்கும் காலேஜ் மாணவர்கள் வந்து உதவலாம். சூளைக்கு மண் தேடித் தருவது போல, இதையும் தொழிலுக்கு வேண்டிய காரியமாக அரசாங்கத்தின் சிறுதொழில் அலுவலகங்கள் எடுத்துச் செய்யலாம்.

ஜிமெயில் போன்ற பொது முகவரி வைத்திருப்பவர்கள் இந்த வரிகளைத் தாங்களே எழுத வேண்டியது இல்லை. அது அந்தக் கம்பெனியின் வேலை.

தாழ்ப்பாளுக்கும் எல்லை உண்டு

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மோசமே இராது என்பது அல்ல.

முத்திரை, "இது இன்ன பெயரிலிருந்துதான் வந்தது" என்று சொல்லும். "அந்தப் பெயர்க்காரர் யோக்கியர்" என்று சொல்லாது! மோசக்காரன் ஓர் எழுத்தை மாற்றிப் புதுப் பெயர் வாங்கலாம். அதற்கு ஒழுங்காக முத்திரையும் போடலாம். அல்லது, உண்மையான பட்டறையின் இ-மெயில் ரகசியச் சொல்லையே திருடி, அதே முகவரியிலிருந்து எழுதலாம். அப்போது மூன்று சோதனையிலும் கடிதம் தேறிவிடும்.

ஆகவே, வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலை உண்டு. ஐந்தே விஷயம்:

1. பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி தெரியும். அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். பாங்கிக் கடிதமானால் புள்ளி, 'பாங்க்', புள்ளி, 'இன்' என்பது கடைசியில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் அது போலி.

2. "பாங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று கடிதம் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். உங்களிடம் முன்பே இருக்கும் நம்பரில் டெலிபோன் செய்து, குரலைக் கேட்டு, விசாரித்த பிறகே அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். அதை எடுப்பவனே மோசக்காரனாக இருப்பான்!

3. ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பாங்கிக்காரர் கேட்க மாட்டார்.

4. இ-மெயிலைத் திறக்க ரகசியச் சொல்லோடு இரண்டாவது பூட்டும் போடுங்கள். ரகசியச் சொல் திருட்டுப்போனாலும் பெட்டி திறக்காது.

5. பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். மோசக்காரன் பணத்தை எடுப்பதற்குள் அதை நிறுத்திவைக்க வழி பிறக்கலாம். வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவன் திருடன்!

அகல் விளக்குக்கு ஒரு வேலி

மறுபடியும் கம்மாபுரத்துக்கு வருவோம்.

அந்தப் பட்டறையின் மகன், ஒரு நாள் மாலை உட்கார்ந்து அந்த மூன்று தாழ்ப்பாளையும் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பட்டறையின் பெயரில் மோசக்காரன் எழுதிய கடிதத்தை மதுரை வியாபாரியின் இ-மெயில் கம்பெனி சோதித்திருக்கும். வண்டிப் பட்டியலில் பெயர் இல்லை. முத்திரை இல்லை. வாசலிலேயே திருப்பியிருக்கும். மோசக்காரன் ஓர் எழுத்தை மாற்றி வந்திருந்தால், "ஒரு போன் செய்து கேட்போம்" என்ற வியாபாரியின் பழக்கம் காப்பாற்றியிருக்கும்.

பணமும் வந்திருக்கும். நட்பும் நிலைத்திருக்கும்.

விளக்கை வெறும் காற்றில் வைத்துவிட்டு, "அணைந்துவிட்டதே!" என்று அழுது பயன் இல்லை. கையை வளைத்து மறைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பேரின் உழைப்பு அந்த விளக்கில் இருக்கிறது. அவர்கள் பெயரில் வேறு யாரும் ஒரு வரிகூட எழுத முடியாதபடி செய்வது நம் பொறுப்பு.

அடுத்த கார்த்திகைக்குள் செய்துவிடலாம். செய்ய வேண்டும்!